இனிப்பு மட்டும் கொடுத்துடாதே

கரும்புக்குள் ஏதோ நடந்து வந்தது.

ஹபீபா நின்றாள். சரசரப்பும் நின்றது. இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். அதுவும் எட்டு வைத்தது.

எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, வயல்களுக்கு நடுவே ஓடும் ஒற்றை ரோடு அது. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் உயரத்தில் கரும்பு, வெட்டுக்குத் தயாராக நின்றது. தை மாதப் பனி விலகவில்லை. முன்னால் கொஞ்ச தூரம் ரோடு தெரிந்தது. அதற்கப்பால் வெள்ளை. திரும்பிப் பார்த்தால் அங்கேயும் வெள்ளை. ஸ்கூட்டியை நிறுத்திய புளியமரம் எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

இந்தப் பக்கம் காட்டுப்பன்றி நடமாட்டம் உண்டென்று பால்காரர் சொல்லியிருந்தார். பன்றியாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது ஹபீபாவுக்கு. ஆளாக இருந்தால்?

நடையை எட்டிப் போட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

லப்பைக்குடிக்காட்டுக்காரிக்கு இந்தக் கரும்புக் காட்டில் விடிந்தும் விடியாமலும் என்ன வேலை? நடப்பதுதான் வேலை. சொந்த ஊர்த் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் நின்று பதில் சொல்லி மாளாது. எங்கே இவ்வளவு அவசரம், யாருக்கு உடம்பு முடியவில்லை, துபாயிலிருந்து போன் வந்ததா என்று கேள்விமேல் கேள்வி. ஒரு வீட்டில் கையைப் பிடித்து உட்கார வைத்து ரவா லாடு கொடுத்தே அனுப்பினார்கள். சர்க்கரையைக் குறைக்க நடந்தவள் வாயில் லாடு. அதோடு போதுமென்று, தன்னை யாருக்கும் தெரியாத இந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டாள். எந்த ரோட்டில் நடக்கிறாள் என்பது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் மகள் இனாயாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டாள்.

ஆனால் நடந்தே ஆகவேண்டும். போன வருஷம் அக்காவின் கால் கட்டை விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் ஹபீபா. அன்றைக்குப் பிடித்த பயம். பெரம்பலூரில் அவள் பார்க்கும் லேடி டாக்டர் போன மாதம் மாத்திரை போதாதென்று இன்சுலின் ஊசி எழுதினார். காலையில் ஊசி, உடனே டிபன், டிபனுக்கு அப்புறம்தான் நடை என்று வரிசையும் சொல்லித்தான் அனுப்பினார். அந்த வரிசையைக் கலைத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல். வெறும் வயிற்றில் வேர்க்க வேர்க்க நடந்தால் சர்க்கரை தலைதெறிக்க ஓடிவிடும் என்றது அந்தக் குரல்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. எண் நன்றாக வரவேண்டும். ஆகவே இன்று ஊசியைப் போட்டுக்கொண்டு, இட்லியைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஹாட்பாக்ஸில் மூடிவைத்துவிட்டுக் கிளம்பினாள். வயிற்றில் குத்திக் குத்திப் புண்ணாக வலித்ததால் ஊசி இன்று தொடையில். வழக்கமாகத் திரும்பும் மைல்கல்லைத் தாண்டியும் நடந்தாள்.

சர்க்கரை பார்க்கும் மெஷினில் எண் ஏறினால் அந்த வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருக்கும். இறங்கினால் வீடியோ காலில் அவள் கணவர் ஷஃபியுல்லா மாஷா அல்லாஹ் என்று சிரிப்பார். இறங்குவதைப் பார்த்து அந்த வீட்டில் ஒருவரும் பயந்ததில்லை.

சரசரப்பு இப்போது வலப் பக்கம் கேட்டது. இல்லை, இடப் பக்கம். இல்லை, பின்னால்.

ஹபீபா ஓடினாள்.

ஓட ஓட அதுவும் ஓடி வந்தது. பல் கிட்டும் குளிரில் அவளுக்கு வேர்த்தது. நெற்றியில், கழுத்தில், முதுகில், பச்சைத் தண்ணீரை ஊற்றினாற்போல. ரோட்டின் ஓரம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றாகச் சேர்ந்து, மறுபடி பிரிந்தது. முட்டி கழன்றுவிட்டதுபோல் ஆடியது.

மகளைக் கூப்பிட வேண்டும். போனை எடுத்து விரலை வைத்தாள். ஈர விரலை அது ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். ஏற்கவில்லை. ஒன்பது புள்ளி வந்தது, கோடு போடச் சொல்லி. தினம் நூறு தடவை விரல் தானாகப் போடும் கோடு. எந்தப் புள்ளியில் ஆரம்பிக்கும்?

தெரியவில்லை.

அப்படியே நின்றுவிட்டாள். சரசரப்பும் நின்றது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் நின்றால் அது நிற்கிறது. நடந்தால் நடக்கிறது. ஓடினால் ஓடுகிறது. புர்காவின் கீழ்ப் பகுதியைக் கொத்தாகக் கையில் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்தாள். சத்தமே இல்லை. போன வாரம் பெரம்பலூரில் வாங்கிய புதுத் துணி, மொடமொடவென்று காலோடு காலாக உரசியிருக்கிறது. இவ்வளவு நேரமும் அவளைத் துரத்தியது அவள் உடுப்புதான்.

கரும்புக்குள் யாரும் இல்லை. பன்றியும் இல்லை, ஆளும் இல்லை.

பிறகு ஏன் பயம் போகவில்லை?

போகவில்லை என்பது மட்டுமில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. கை நடுங்கியது. உள்ளே யாரோ முரசு கொட்டுவதுபோல் நெஞ்சு அடித்தது. காரணம் இல்லாத பயம். அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே?

பெரம்பலூர் டாக்டரின் நர்ஸ் சிந்தாமணி. ஊசி போடக் கற்றுக்கொடுத்த அன்றைக்குச் சொன்னது. "குளிர்ல கூட வேர்க்கும்மா. கை நடுங்கும். காரணமே இல்லாம பயமா இருக்கும். அப்ப நின்னு யோசிச்சிக்கிட்டு இருக்காதீங்க. மிட்டாய எடுத்து வாயில போடுங்க." காரணம் இல்லாமல் யாருக்காவது பயம் வருமா சிஸ்டர் என்று ஹபீபா சிரித்திருந்தாள்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது. இறங்கிக்கொண்டே இருக்கிறது. தொடையில் போட்ட ஊசி ஒரு பக்கம், ஓடிய ஓட்டம் ஒரு பக்கம், உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை.

மிட்டாய் இருந்தது. இனாயா ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில். ஸ்கூட்டி புளியமரத்தடியில். புளியமரம் அந்த வெள்ளைக்கு அப்பால் எங்கேயோ. சாவி மட்டும் அவள் கையில் இருந்தது.

இரண்டு பக்கமும் கரும்பு. கண்ணுக்கு எட்டிய வரை சர்க்கரை. வாய்க்காலைத் தாண்டிப் போய் ஒரு கழியைப் பிடித்து இழுத்தாள். சோகை இலை உள்ளங்கையைக் கீறியது. கழி வளைந்ததே தவிர ஒடியவில்லை. இன்னொரு தடவை இழுத்தபோது கை வழுக்கிப் பின்பக்கமாக மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே சாய்ந்துகொள்ளலாம்போல் இருந்தது. மண் மெத்தென்று இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ காதோரம் சொன்னார்கள்.

அந்தக் குரலுக்குத்தான் அவள் அன்று மிகவும் பயந்தாள். அது அவளுடைய குரலாகவே இருந்தது.

பனிக்குள் எங்கோ டிராக்டர் உறுமியது. முன் பக்கம். மெயின் ரோடு அங்கேதான் இருக்க வேண்டும். ஹபீபா கையை ஊன்றி எழுந்து சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தாளா, தவழ்ந்தாளா என்பதெல்லாம் பிறகு நினைவில் இல்லை. பனிக்குள் மஞ்சளாக ஒரு பல்பு தெரிந்தது. பல்புக்குக் கீழே டீக்கடை.

கடைக்காரர் நல்லதம்பி பாய்லருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மனைவி பெரியம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரைவர் முருகையன் பெஞ்சில் உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தான். பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு உருவம் தள்ளாடிக்கொண்டு வந்து பெஞ்சில் விழுந்ததும் அவன் துள்ளி எழுந்துவிட்டான்.

யாரும்மா, எந்த ஊரும்மா, என்ன ஆச்சு என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஹபீபாவின் நாக்கு தடித்துக் கிடந்தது. சொல்ல வேண்டியது பெரிய வாக்கியம். எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, உடனே இனிப்பாக ஏதாவது கொடுங்கள். அந்த வாக்கியத்திலிருந்து ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"சுகர்."

நல்லதம்பி புரிந்துகொண்டுவிட்டார்.

"அட, பாய் வூட்டம்மாவுக்கு சுகராம். ஏறிப்போச்சு போலருக்கு. எனக்கும் போன ஆடியில இப்படித்தான் ஆச்சு." பெரியம்மாளைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஏ புள்ள, இனிப்பு மட்டும் கொடுத்துடாத."

அவரும் சர்க்கரை நோயாளி. ஊருக்கெல்லாம் டீ ஆற்றிவிட்டுத் தனக்கு மட்டும் இனிப்பில்லாமல் குடிக்கிறவர். இந்த விஷயத்தில் கடையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஹபீபா தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை. ஏறவில்லை, குறைந்திருக்கிறது. குறைவு, கம்மி. ஆமாம், கம்மி. மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

"சுகர்... கம்மி."

"கம்மி கூட வேணாம்மா," என்றார் நல்லதம்பி பரிவாக. "சுத்தமா இல்லாமலே போட்டுத் தரேன்."

டீக்கடையில் வாழ்நாள் பூராவும் அவர் கேட்ட வார்த்தை அது. ஒரு டீ, சுகர் கம்மி. கிளாஸில் டிகாஷனை ஊற்றி, பாலை ஊற்றி, தூக்கி ஆற்றி, இனிப்பே இல்லாத டீயை அவள் உதட்டில் வைத்தார். கசந்தது. ஹபீபாவின் கண் முன்னால் அவர் முகம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது. மேலே மூன்று நல்ல மனிதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கயிறு கையில் இருக்கிறது. போடமாட்டேன் என்கிறார்கள்.

"சர்... சர்க்கரை," என்றாள்.

"சர்க்கரை ஆலைக்கா?" என்றான் முருகையன். "ஆலையிலதான் வூட்டுக்காரர் வேல பாக்குறாரா? நான் அங்கதான் போறேன். ஏத்தி விடுங்க, எறக்கிவிட்டுட்டுப் போறேன்."

கிளினிக் வாசலில் எழுதியிருக்கும் சொல்லும் அதுதான். ஆலை வாசலில் எழுதியிருக்கும் சொல்லும் அதுதான். இந்த டீக்கடைப் பெஞ்சில் மட்டும் அதற்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. இருவரும் அவளை டிராக்டரில் எப்படி ஏற்றுவது என்று பேச ஆரம்பித்தார்கள். ஏற்றினால் முடிந்தது. வழியிலேயே கண் மூடிவிடும். மூடினால் திறக்காது. அது மட்டும் ஹபீபாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

க்ளிங், க்ளிங் என்று சத்தம். பெரியம்மாள் முருகையனின் டீயில் ஸ்பூனைப் போட்டுக் கலக்கினாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சீனி.

டீக்கடை பெஞ்சில் அதற்கு முன் ஹபீபா உட்கார்ந்ததே இல்லை. அன்னிய ஆண்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவள் எழுந்தாள். பாய்ந்தாள் என்றுதான் முருகையன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறான். டப்பாவைப் பிடித்து இழுத்து, உள்ளே கையை விட்டு, அள்ளி வாயில் அடைத்தாள். பாதி வாய்க்குள், பாதி புர்காவின் மேல்.

"ஐயையோ, சாவப் போவுது," என்று நல்லதம்பி டப்பாவின் மறுபக்கத்தைப் பிடித்தார். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. இரண்டாவது பிடி அள்ளுவதற்குள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவளுக்கு அதில் பலம் இல்லை. சீனிக்குள் விரல் இருக்கிறது, கை மேலே வரவில்லை. ஹபீபா பெரியம்மாளை மட்டும் பார்த்தாள்.

பெரியம்மாள் அந்தப் பார்வையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஈரக் கையாலேயே புருஷனின் கையைத் தட்டிவிட்டாள்.

"வுடுங்க. ஒரு வாய் சீனி தின்னு யாரும் செத்துர மாட்டாங்க. எதுக்கு இந்தப் பொம்பள இப்படிக் கெடந்து அடிச்சிக்குது? அதுக்குத் தெரியாதா அது உடம்பு?"

"உனக்கு என்ன தெரியும்? சுகர்ங்கறது..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கைய எடுங்க."

பெரியம்மாள் கிளாஸில் சீனியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஹபீபாவின் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு, முழுங்குதா முழுங்குதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். முருகையன் நூற்றெட்டுக்குப் போன் போட்டான். நல்லதம்பி தள்ளி நின்று, ஒரு கொலையைப் பார்க்கிறவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டாகத் தெரிந்த ரோட்டோரம் ஒன்றாகச் சேர்ந்து அப்படியே நின்றது. பிறகு நெஞ்சுக்குள் முரசு தளர்ந்தது. பெரியம்மாளின் மூக்குத்தி சிவப்புக் கல் என்பது தெரிந்தது. போனை எடுத்தாள். விரல் தானாகப் போய்க் கோடு போட்டது. போன் திறந்தது. அதைப் பார்த்துத்தான் ஹபீபா அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். இவ்வளவு சீனி போன பிறகும் எண் அப்போதுதான் எழுபதைத் தொட்டிருந்தது. சீனி கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, உடனே இட்லியோ பன்னோ சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள் என்றார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும், நல்ல வேளை விழித்திருந்தார் என்று பெரியம்மாளிடமும் சொன்னார்.

நல்லதம்பி அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி, நான் போட்ட டீய மட்டும் குடிச்சிட்டு டிராக்டர்ல ஏறியிருந்தா?"

ஆம்புலன்ஸ்காரர் பெஞ்சின் மேல் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்த டீயைப் பார்த்தார். நல்லதம்பியும் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, எனக்கும் விடியற்காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வரும்போது இப்படித்தான் வேர்க்கிறது, பனியில் பேய் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு குத்து குத்திப் பாருங்கள் என்று விரலை நீட்டினார்.

பெரம்பலூர் டாக்டர் அன்று வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தினார். நடக்கப் போகிற நாளில் தொடையில் ஊசி போட்டால், நடக்கிற கால் மருந்தை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருந்தார்கள். ஹபீபாதான் கேட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு நடங்கள். கிளம்பும் முன் குத்திப் பாருங்கள். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் இரண்டு மடங்கு வேண்டாம். மிட்டாய் உடம்போடு இருக்கட்டும், வண்டியில் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். இனி நடக்கவே மாட்டேன் டாக்டர் என்றாள் ஹபீபா. அதற்கும் திட்டு விழுந்தது. நடப்பதை நிறுத்தினால் உங்கள் அக்காவின் பக்கத்துக் கட்டில்தான் என்றார். ஹபீபா எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான் நின்றது.

பத்து நாள் கழித்து மறுபடி நடந்தாள். இப்போது கூடவே கணவரின் தங்கை மர்ஜியா; அண்ணியை மச்சி என்றுதான் கூப்பிடுவாள். வயிற்றில் இட்லி இருந்தது. புர்கா பழையது, சத்தம் போடாதது. கழுத்தில் தொங்கிய சின்னப் பையில் மிட்டாய். எந்த ரோடு என்று இனாயாவுக்குத் தெரியும். டீக்கடை நம்பரும் அவளிடம் இருந்தது.

பனி அன்றைக்கும் இருந்தது. பாதி தூரம் போனதும் வலப் பக்கக் கரும்புக்குள் சரசரத்தது.

ஹபீபாவின் நெஞ்சு குதித்தது. கை நடுங்கியது. மர்ஜியா என்ன மச்சி என்றாள். ஹபீபா நின்று யோசிக்கவில்லை. பையைத் திறந்து இரண்டு மிட்டாயை வாயில் போட்டுக் கடித்தாள். பிறகுதான் நின்றாள்.

சரசரப்பு நிற்கவில்லை.

"மச்சி," என்றாள் மர்ஜியா கிசுகிசுப்பாக, "எனக்கு சுகர் இல்லையே. எனக்கும் ஏன் பயமா இருக்கு?"

சோகை விலகியது. ஈர மூக்கும் கறுத்த பிடரி மயிருமாக, ரோட்டில் தலையை நீட்டி இருவரையும் பார்த்தது பன்றி.